துவக்கு அக்கா

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதாவிட்டாலும் பலாங்கொடைப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். என் பெயரை எழுதினால்கூட யாருக்கும் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கடைசி வரை இருந்த வித்தியாசம் இதுதான்.

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்தவர்கள் நாங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தோம். நான் தைப்பொங்கலுக்கு முந்திப் பிறந்தவள், அவள் சித்திரை கழிந்து பிறந்தவள். எங்கள் அம்மாமார் இருவரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் மாதர் தலைவியாக அவளைப் போட்ட நாளிலிருந்து தோட்டமே அவளை அக்கா என்றது. பல் விழுந்த கிழவர்கள் அக்கா என்றார்கள். என் வீட்டுக்காரரும் அக்கா என்றார். நாலு பேர் முன்னால் நானும் அக்கா என்றேன், நீங்க என்றேன். இளையவளை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் மீன் முள் தொண்டையில் மாட்டினது போல இருக்கும். தனியாக அவள் வீட்டுக் குசினியில், அடுப்புப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் நீ, நான்.

அவளைச் சந்தியில் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவரிடம் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தது. கடைக்குப் பின்னால் மரவள்ளி போட்ட காணித்துண்டு இருந்தது. மரவள்ளியைத் தோண்ட வரும் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றும் இருந்தது. கட்டி அதிக காலம் இல்லை, மனுசன் காய்ச்சலில் போய்விட்டார். கடையும் பத்திரமும் துவக்கும் அவளிடம் தங்கின. எனக்கு மனுசன் தங்கினார். மற்ற மூன்றும் எனக்கு வாய்க்கவில்லை.

எங்கள் தாத்தாமார் துப்பாக்கி என்றுதான் சொன்னார்களாம். இங்கே சிங்களத்திலும் அது துவக்குதான். அரசாங்க ஆபீசான கச்சேரியில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மாரும் துவக்கு என்றே சொன்னார்கள். எங்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. கூட்டத்தை ஆரம்பிப்பதையும் மேடையில் துவக்குவது என்றுதான் சொல்வார்கள். இந்த ஒரு சொல்லால் நடந்த கூத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மேடையில் அவளைப் பார்க்கவேண்டும். மைக்கைக் கையால் தொடமாட்டாள், அது தானாகவே அவளிடம் குனிவது போல இருக்கும். "ஆயுதம் தூக்கிறவன் நம்ம சங்கத்துக்கு வேணாம். கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடி வெட்டத்தான். நம்ம ஆயுதம் ஒத்துமைதான்!" என்பாள். ஜனம் கைதட்டும். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டுவார். அந்தக் கையால் எங்கள் காம்பராக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் அடிக்க அவருக்கு நேரம் வந்ததில்லை. அவளுடைய துவக்கை வைக்க நல்ல பலா மரத்தில் ஒரு பெட்டி மட்டும் அடித்துக் கொடுத்திருந்தார், பூட்டும் போட்டு.

அப்படி ஒரு கூட்டம் முடிந்த அன்றே அவள் குசினியில் உட்கார்ந்து அந்தத் துவக்கைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் புள்ள, ஒத்துமைதான் ஆயுதம்னியே. இது என்னா?"

"அது சங்கத்துப் பேச்சு. இது என் பேச்சு."

"ரெண்டும் ஒரு வாயிலதானே வருது?"

அவள் துணியை மடித்து வைத்தாள். "ஒத்துமை நல்லதுதான். ஆனா அது லயத்துல இருந்து எறங்கி வரணும்ல? நான் கத்தி, நீங்கள்லாம் முழிச்சி, விளக்கு பத்தவச்சி, ஒத்துமையா வந்து சேர்றதுக்குள்ள அவன் கதவ ஒடச்சிருவான். தனியா கெடக்கிற பொம்பளைக்குக் கைக்கு எட்டுற தூரத்துல ஒண்ணு வேணும்."

"அப்ப அதத்தான் மேடையில சொல்றது. எல்லாரும் ஆளுக்கொண்ணு கேக்கட்டும்."

"கேட்டு? சம்பள நாளைக்குக் குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய மிதிக்கிறானே, அவன் கையில துவக்கக் குடுத்தா மொதல்ல சாவுறது யாரு? பன்னியா?"

அவள் சொன்னது சரிதான், ஆனாலும் நான் விடவில்லை. "ஒன் கையில மட்டும் இருந்தா சரியாக்கும்?"

"என் வீட்டுல அடிக்கிறதுக்கு ஆளில்ல. அடி வாங்கவும் ஆளில்ல. அதான் சரி" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் துக்கம் இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. புருசன் இல்லாததைக்கூட இவள் ஒரு வசதியாக்கிக்கொண்டாளே என்று.

தோட்டாக்களைத் துவக்கோடு வைக்கமாட்டாள். உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூடி போட்ட தகரப் பேணியில் இருக்கும். "துவக்குக்கும் தோட்டாவுக்கும் நடுவுல எட்டெடுத்து வைக்கிற எடம் இருக்கணும். அந்த எடத்துலதான் புத்தி வரும்" என்பாள். இந்த மாதிரிப் பேச்செல்லாம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? நாங்கள் இருவரும் படித்தது ஒரே ஐந்தாம் வகுப்பு. ஒரே வாத்தியார். எனக்கு வாய்ப்பாடு மட்டும்தான் மிஞ்சியது.

அவள் சுட்டு நான் பார்த்ததே இல்லை. தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்துப் பெண்கள் குளிக்கும், மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு மேலே ஒரு பாறை உண்டு. தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக வந்த ஒருவன் அந்தப் பாறையில் வந்து நின்று சிகரெட் பற்றவைப்பான். நாங்கள் யாரிடம் போய்ச் சொல்ல? நான் விடியுமுன் போய்க் குளிக்கத் தொடங்கினேன். மார்கழிக் குளிரில் பல் கிட்டிக்கொள்ளும். பிள்ளைகளையும் அப்படியே இழுத்துக்கொண்டு போவேன். இது அவள் காதுக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலில் இடுப்பில் குடமும் தோளில் துவக்குமாகப் பீலிக்கு வந்தாள். அவனைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் நிரம்பும் வரை நின்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். அவன் பிறகு அந்தப் பாறைப் பக்கம் வரவில்லை.

நான் குளிக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டேன். அவள் அவன் நிற்கிற இடத்தை மாற்றினாள். அன்று லயமே அவளைத் தூக்கிவைத்துப் பேசியது. நானும் வெயிலில் குளித்தேன், சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகமும் அவள் கொடுத்தது என்பதுதான் தண்ணீரோடு சேர்ந்து உறுத்தியது.

வருடா வருடம் லைசென்சைப் புதுப்பிக்க இரத்தினபுரிக் கச்சேரிக்குப் போவாள். துவக்கை இரண்டாகக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றித் தோளில் போட்டுக்கொள்வாள். துணைக்கு நான். ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். "நீ யாருகிட்டயும் பேசமாட்டே, அதான்" என்றாள். மற்றவர்களுக்கு இது பாராட்டாக இருக்கலாம்.

பலாங்கொடையில் பஸ் ஏறினால் நிற்கக்கூட இடம் இருக்காது. கண்டக்டர் பையன் தோளில் கிடக்கும் மூட்டையைப் பார்ப்பான். அவள் அதை மெல்லத் தட்டிக் கொடுப்பாள். உடனே அவன், கைப்பிள்ளையோடு ஒரு அக்கா நிற்கிறாள், யாராவது இடம் விடுங்கள் என்று சிங்களத்தில் கத்துவான். அவள் உட்கார்ந்துவிடுவாள். நான் அவளுடைய பையையும் குடையையும் என் பையையும் பிடித்துக்கொண்டு பெல்மதுளை தாண்டி இரத்தினபுரி வரை நின்றுகொண்டு போவேன். வளைவுக்கு வளைவு என் தலை கம்பியில் இடிக்கும். அவள் கீழேயிருந்து கண்ணடிப்பாள்.

"சத்தம் போடாத புள்ள, தூங்குது."

கச்சேரியில் இருந்த கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசர். கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.

"பிள்ளை, தனிப் பொம்பிளை உமக்கு ஏன் இந்தத் துவக்கு?"

"பன்னிக்குங்கய்யா."

"இன்னும் பண்டி வருதோ?"

"வருதுங்கய்யா. முந்தி நாலு காலுலதான் வந்துச்சு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து முத்திரை குத்திக் கொடுப்பார். நான் பின்னால் பைகளோடு நிற்பேன். திரும்பும்போது பஸ்ஸில், அந்தப் பதிலை நான் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். என் குரலில் அது நன்றாக வரவில்லை.

பிறகு அவள் கிராமசபைத் தேர்தலில் நின்றாள். பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாததால் தோட்டத்தில் இருந்த எங்களுக்கு வோட்டு இல்லை. சந்தியில் இருந்த சிங்கள ஆட்களும் கடை வைத்திருந்த சாய்புமாரும் போட்ட வோட்டில் வென்றாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வென்ற வருடம் எங்கள் மைதானத்தில் பெரிய கூட்டம் வைத்தார்கள். அப்போதுதான் நான் சொன்ன கூத்து நடந்தது.

மைக் சரியில்லை. செயலாளர் தம்பி, "நம்ம அக்கா இப்பொழுது கூட்டத்தைத் துவக்கி வைப்பார்கள்" என்று சொல்ல நினைத்தான். மைக் விட்டு விட்டுப் பிடித்ததில் வெளியே கேட்டதெல்லாம் "அக்கா… துவக்கு… அக்கா… துவக்கு" என்பதுதான். காவலுக்கு வந்திருந்த பொலிஸ்காரர் ஊருக்குப் புதிது, தமிழ் ஒரு சொல் தெரியாது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பாய்ந்து ஏறினார்.

"கோ துவக்குவ? கோ துவக்குவ?" என்றார். துவக்கு எங்கே என்று கேட்கிறார்.

செயலாளர் தம்பி கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஜனம் பாதி ஓடியது. அவள் மட்டும் அசையாமல் சிங்களத்தில் சொன்னாளாம்: "மாத்தயா, துவக்கு வீட்டில் பெட்டிக்குள் தூங்குகிறது. இங்கே துவங்குவது கூட்டம்." அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போய் லைசென்சைக் காட்டித் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினாள். திரும்பி வந்து மைக்கைப் பிடித்து, "இனிமே யாரும் கூட்டத்தத் துவக்காதீங்க. ஆரம்பிங்க!" என்றாள். ஓடியவர்கள் எல்லாம் திரும்பி வந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறொன்று பிடிபட்டது. அக்கா, துவக்கு. இந்த இரண்டு சொல்லும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். என்னைப் போலச் சிங்களம் வாயில் வராதவள்கூட இந்த இரண்டையும் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

எங்கள் பக்கத்தில் தமிழ் ஆட்களை அடிக்கிற கலவரம் வந்தது ஒரு தேர்தல் முடிந்த கையோடு. லைசென்ஸ் துவக்கு வைத்திருப்பவர்கள் எல்லாரும் பொலிஸ் ஸ்டேசனில் ஒப்படைக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. அவளும் நானும்தான் சேலையில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். வரும் வழியில், "இத யாருக்கும் சொல்லாத. பொட்டி பூட்டியே இருக்கட்டும். இருக்குன்னே எல்லாரும் நெனைக்கட்டும்" என்றாள். நான் யாரிடம் சொல்லப்போகிறேன்?

அடுத்த நாள் கிராமத்தில் இருந்து பால் கொண்டுவரும் சிங்களக் கிழவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கீழ் டிவிசன் லயம் எரிகிறது, லொறியில் ஆட்கள் வருகிறார்கள், மேலே ஏறிப் போங்கள் என்றார். ஆம்பிளைகள் எல்லாம் ஃபக்டரியைக் காக்கப் போயிருந்தார்கள். என் கையில் இரண்டு பொட்டைப் பிள்ளைகள், பெரியவள் ஆளாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவை நம்பி எப்படி இருப்பது? பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"நம்மகிட்ட அது இல்லேங்கிறது தெரிஞ்சுதானே வந்தே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒன் கதவுக்குத் தாழ்ப்பா இருக்கு" என்றேன்.

எங்களைக் குசினிக்குள் தள்ளிப் பூட்டச் சொன்னாள். அவள் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நல்ல பகல். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற நேரம். குசினி யன்னல் பலகை இடுக்கு வழியாக எனக்கு ரோட்டு தெரிந்தது. லொறியில் இருந்து இறங்கினார்கள். கையில் கம்பு, கத்தி, ஒருவன் கையில் எண்ணெய்ப் பேணி. அநேகம் பேர் தெரியாத முகம். தெரிந்த முகம் ஒன்றிரண்டு பின்னால் ஒதுங்கி நின்றது.

அவள் பேசினாள். மேடையில் பேசுவது போல நிதானமாகத்தான் தொடங்கினாள். எத்தனை வருடமாக ஒரே கடையில் சாமான் வாங்குகிறோம் என்றாள். நான் இந்தச் சபையில் உங்களுக்கும் மெம்பர்தானே என்றாள். முன்னால் நின்ற ஒருவன் குடையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்துப் போட்டான். அவள் பேச்சு நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. அவளுக்குப் பேச்சு நின்று நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். என் பெரியவள் என் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

அடுப்படியில் இரும்பு ஊதாங்குழல் கிடந்தது. எடுத்தேன். யன்னல் இடுக்கு வழியாக அதன் முனையை வெளியே விட்டேன். என் வாழ்நாளில் முழுத் தொண்டையில் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

"அக்கா! துவக்கு! அக்கா! துவக்கு!"

கூட்டம் அப்படியே நின்றது. தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னது. இந்த வீட்டில் துவக்கு இருப்பது அந்தப் பக்கம் முழுக்கத் தெரியும். எண்ணெய்ப் பேணிக்காரன் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தான். இடுக்கில் குழல் நடுங்கிக்கொண்டே இருந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை.

அவள் திரும்பி அந்தக் குழலைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"அவளுக்கு இதைப் பிடிக்கத் தெரியாது. கை நடுங்குவதைப் பாருங்கள். எந்த நேரம் வெடிக்குமோ எனக்கே தெரியாது. போய்விடுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னாள்.

அவர்கள் லொறியில் ஏறிப் போனார்கள். நல்லவர்களாகிப் போகவில்லை. வேறொரு தோட்டத்துக்குப் போனார்கள், அங்கே எரிந்ததைப் பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் சந்தியும் மேல் லயமும் தப்பின. அவள் உள்ளே வந்து என் கையிலிருந்து ஊதாங்குழலை வாங்கி அடுப்படியில் வைத்தாள். "தண்ணி குடு" என்றாள். குடித்தாள்.

அன்றிலிருந்துதான் அவளுக்குத் துவக்கு அக்கா என்று பெயர். கலவரத்தில் துவக்கை நீட்டி லொறியைத் திருப்பினாள் என்று எம்பிலிப்பிட்டிய வரைக்கும் கதை போயிற்று. என் வீட்டுக்காரரே கவ்வாத்து மலையில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். ஒரு நாள் நான் மெதுவாக, அது நான்தான், குழல்தான் என்றேன். சோற்றுக்கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீயா? கோழிய சூன்னு வெரட்ட மாட்டே நீ."

பிள்ளைகள் சாட்சி சொன்னார்கள். அவர்களையும் பார்த்துச் சிரித்தார்.

நாடு அடங்கிய பிறகு மைதானத்தில் ஒரு கூட்டத்தைத் துவக்கினார்கள், சரியாகச் சொன்னால் ஆரம்பித்தார்கள். நான் கடைசியில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்காவது சொல்வாள் என்று நினைத்தேன். பெயர் வேண்டாம், ஒருத்தி என்று சொன்னால் போதும்.

"அன்னைக்கு நம்மளக் காப்பாத்துனது துவக்குன்னு பேசிக்கிறாங்க. துவக்கு இல்ல. நம்மளக் காப்பாத்துனது நம்ம ஒத்துமை!" என்றாள்.

கைதட்டல் நிற்கவில்லை. அவள் சொன்னது பொய்யும் இல்லை, துவக்கு அங்கே இல்லைதான். ஒற்றுமை என்று அவள் சொன்னது நான் நீட்டிய அடுப்பு ஊதுகிற குழலை. அவ்வளவு அழகான பெயரை அதற்கு வைத்துத் தன் மேடையில் ஏற்றிக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து போகும்போது என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஒன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பா இல்லியாமே? பொட்டப் புள்ளைங்கள வச்சிருக்கே, வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். பொழுது சாய்வதற்குள் இரட்டைத் தாழ்ப்பாள் அடித்துவிட்டார். நான் கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து கேட்டது. அன்று ராத்திரி அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவளைத் திட்டிக்கொண்டே நன்றாகத் தூங்கினேன்.

ஸ்டேசன்காரர்கள் துவக்கைத் திருப்பிக் கொடுத்தபோது வழக்கம்போல என்னைக் கூப்பிட்டாள். வாங்கிய கையோடு லைசென்சையும் புதுப்பித்துவிட்டு வரலாம் என்றாள். பஸ் ஸ்டாண்டில் துவக்கைக் கழற்றிச் சேலையில் சுற்றினாள். சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு அதைத் தூக்கி என் தோளில் போட்டாள். என் கையில் இருந்த பைகளை அவள் வாங்கிக்கொண்டாள்.

இவ்வளவு பாரமா என்று நினைத்தேன். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றிருக்கிறேன், தூக்கிப் பார்த்ததில்லை.

பஸ்ஸில் மூச்சுவிட இடம் இல்லை. கண்டக்டர் என் தோளைப் பார்க்கும் முன்பே அவள் சத்தமாக, "அக்காட்ட சீட் எகக் தென்ன!" என்றாள். அக்காவுக்கு ஒரு சீட் கொடுங்கள் என்று. ஒரு ஆள் எழுந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.

சிங்களத்தில் தெரியாத பெண்களையும் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவள் அப்படிச் சொன்னாளா, இல்லை எனக்குத்தான் சொன்னாளா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். அவள் இருந்தவரை கேட்கவில்லை.

பெல்மதுளைக்கு முன்னால் ஒரு வளைவில் அவள் தலை கம்பியில் இடித்தது. குனிந்து, "கால் வலிக்குது புள்ள. கொஞ்சம் எழும்புறியா?" என்றாள்.

நான் மூட்டையைத் தட்டிக் கொடுத்தேன்.

"சத்தம் போடாத. தூங்குது" என்றேன்.

இரத்தினபுரி வரைக்கும் நான் எழும்பவில்லை.